நாலரை அங்குலத் தூண்

நீக்கிலாப்பிள்ளையின் நினைவு மலரை அச்சடித்தவன் நான். அதில் வந்த வாழ்க்கைக் குறிப்பை எழுதியவனும் நானே. கனடாவில், மொன்ட்ரியாலின் பார்க்-எக்ஸ்டென்ஷனில் முப்பது வருடமாக அச்சகம் நடத்துகிறேன். கலியாணக் கார்டும் செத்தவீட்டு மலரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. செத்தவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் காணும். பிறந்தார், படித்தார், மணந்தார், பண்போடு வாழ்ந்தார். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இவருக்கும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று நாலைந்து பேர் போன் எடுத்துச் சொன்னார்கள்.

இது மற்றது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் போடாதது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் விமலநாதன். என் அண்ணன் கிருபானந்தன் 1982ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில், இலங்கையின் வடக்கு ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேசனுக்குப் பக்கத்தில், சாமான் கோச்சி அடித்துச் செத்தார். அந்த ரயிலுக்குச் சிக்னல் கைகாட்டியை விழுத்தி வழிவிட்டவர் நீக்கிலாப்பிள்ளை. என் அண்ணனைக் கொன்றவர் என்று நாங்கள் நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் வாழ்க்கைக் குறிப்பை எழுத அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். ஏன் என்னிடம் வந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணைக்குத் தண்டவாளம் பார்க்கிற வேலை. தள்ளுவண்டி ஒன்றில் போய் ஆணி, சிலிப்பர் கட்டை எல்லாம் சரிபார்ப்பார். அன்று பின்னேரம் ஐந்தரைக்கு, பாதை மேற்கே வளைகிற இடத்தில், சிக்னல் கேபினிலிருந்து இருநூறு யார், அதாவது இருநூறு கெஜம், தூரத்தில் அந்த வண்டியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கப் போராடிக்கொண்டிருந்தார். கேபினுக்குச் சொல்லாமல்தான் பாதையில் இறங்கியிருந்தார். இந்தக் கடைசி வசனத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நானும் இன்றுதான் எழுதுகிறேன்.

விசாரணையில் நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே கேள்வி. கைகாட்டியை விழுத்துமுன் பாதையைப் பார்த்தாயா? பார்த்தேன், பாதை வெறுமையாக இருந்தது என்றார். இருநூறு யாரில் நின்ற வண்டியும் ஆளும் கண்ணில் படவில்லையா? படவில்லை. அப்படியென்றால் இடையில் எது நின்று மறைத்தது? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேபினின் மூலைத்தூணாகத்தான் இருக்கவேண்டும் என்றார். ஒருவரும் கேபினில் ஏறிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்ததாகப் பொய் சொல்கிறான் என்று எழுதிவிட்டார்கள். வேலை போனது. ஆறு மாதம் சிறையில் மறியல்.

அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர். தகப்பன் வள்ளம் கட்டுகிறவர். மறியலால் வெளியே வந்து ஐந்து வருடத்தில் மொன்ட்ரியால் வந்து சேர்ந்தார். குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை. நானும் அடுத்த வருடம் வந்தேன். பிறகு அண்ணி செல்வமலரையும் கூப்பிட்டெடுத்தேன். எத்தனை ஊர் இருக்கிறது உலகத்தில்! கடவுள் மூன்று பேரையும் கொண்டுவந்து ஒரே ஊரில் கொட்டினார்.

இனி என் திருவிளையாடல். கலியாண மண்டபத்துக்குள் நீக்கிலாப்பிள்ளை வந்தால் நான் வலது கையைக் கைகாட்டி மாதிரி நேராக நீட்டுவேன். அவர் என்னைப் பார்த்ததும் தொப்பென்று விழவிடுவேன். என் மேசை முழுக்கச் சிரிக்கும். ஒரு வருடத்தில் மற்ற மேசைகளும் பழகிக்கொண்டன. என்னவென்று தெரியாத பிள்ளைகள்கூடச் செய்யத் தொடங்கின. அவருடைய மனைவியின் செத்தவீட்டில் ஒருவன் செய்தான். அது நான் இல்லை. ஆனால் அடேய், இங்கே வேண்டாம் என்று நான் சொல்லவுமில்லை.

அவர் ஒருநாளும் திருப்பிப் பேசவில்லை. ஒரே ஒருமுறை, டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றின் வாசலில் பனிக்குள் என்னை மறித்தார்.

“நான் பாத்தனான் தம்பி. பாதை வெறுமையாய்த்தான் கிடந்தது. உங்கடை அண்ணிக்கு அது விளங்கினால் காணும். வேறையொண்டும் வேண்டாம்.”

அண்ணிக்கு விளங்குவதா? தமிழ்க் கடையில் அவர் வரிசையில் நின்றால், அண்ணி கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவா. அவருடைய முகத்தை அவ ஒருதரமும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: செல்வமலர் வாயால், ‘நீ பார்த்தாய்’ என்ற ஒரு சொல்.

மனைவி போனபிறகு மகள் யோசெப்பின் அவரை மொன்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசாரில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். 2021 வசந்தத்தில் ஒரு கதை காதில் விழுந்தது. கிழவன் வளவின் பின்பக்கத்தில் அந்தக் கேபினையே கட்டுகிறானாம். அளவுக்கு அளவு, திசைக்குத் திசை. தூண் மறைக்கிறதைக் கண்ணாலே காட்டப்போகிறானாம். நான் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போனேன். சிரிக்கத்தான் போனேன்.

போய்ப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. எரிச்சல் வந்தது, அவ்வளவு வடிவாக இருந்தது. கீழ்ப்பகுதியைச் செங்கல்லால் கட்ட நகரசபை விடவில்லை என்று பருத்த மரக்கால்களில் மேல்மாடியை ஏற்றியிருந்தார். வெளிப்பக்கமாகப் படி. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த சுவர். முகட்டின் இரண்டு நுனியிலும் கூர்மையாகக் கடைந்த மரக்குமிழ். கூரை விளிம்பில் பல்லுப்பல்லாக வெட்டிய அலங்காரப் பலகை. உள்ளே பன்னிரண்டு லீவர்கள் நிரையாக நின்றன. கைகாட்டிக்குச் சிவப்பு, தண்டவாளம் மாற்றுகிறதுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், சும்மா நிற்கிறதுக்கு வெள்ளை. அவற்றை வெறுங்கையால் தொடக்கூடாதாம். வியர்வையில் இரும்பு துருப்பிடிக்குமாம். இவருடையது பெயின்ற் அடித்த மரம், என்றாலும் ஒரு துணியைச் சுற்றித்தான் பிடித்தார்.

விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரன் லண்டனில் இருந்து படம் கீறி, இரும்பை எல்லாம் கப்பலில் ஏற்றி, ஊருக்கு ஊர் ஒரே அச்சில் கட்டின சாமான் இது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். முன்னுக்கும் இரண்டு பக்கமும் கண்ணாடி. பின்சுவரில் குளிர்காய அடுப்பும் புகைக்கூடும். எங்கள் ஊர் வெயிலுக்கு அடுப்பு! கூரை இறவாரமும் ஒரு சாண்தான் வெளியே நீண்டிருந்தது. கண்டறியாத கட்டடம் என்று நக்கலடித்தேன். அவன் தன்ரை நாட்டுக்குக் கீறினது தம்பி, நாங்கள் அதுக்குள்ளை இருந்தம் என்று மட்டும் சொன்னார்.

மூலைத்தூணைப் பார்த்தேன். ஒரு அடி அகலம். யானை கட்டலாம்.

அளவு எங்கே எடுத்தது என்று கேட்டேன். நினைவிலிருந்து என்றார். நினைவிலிருந்தாம்! நாற்பது வருடமாக அந்தத் தூணை மனதுக்குள் கொழுக்க வைத்திருக்கிறார் மனுசன். அன்றிரவே கம்ப்யூட்டரில் தேடத் தொடங்கினேன். இங்கிலாந்தில் இந்தக் கேபின்களுக்கென்றே பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் இருக்கிறது. மூலப்படங்களை எல்லாம் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று கிழமையில் அதே அச்சுக் கேபினின் படம் எனக்கு வந்துவிட்டது. மூலைத்தூண் நாலரை அங்குலம். நான் கடைக்குள் தனியாக நின்று கை தட்டினேன். பெரிய தாளில் அச்சடித்து, சுருட்டி, றிபன் கட்டி, அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நேர்மையான ஆளெண்டால் இதின்படி கட்டுங்கோ. அண்ணியை நான் கூட்டிவாறன்.”

படத்தை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். விரல் அந்தத் தூணிலேயே நின்றது. மாட்டேன் என்று சொல்லுவார், ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை ஒரு அடித் தூணைக் கழற்றிவிட்டு, நாலரை அங்குலத்துக்கு ஒன்றைச் சீவி ஏற்றினார். படத்தின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தையும் விடவில்லை. கண்ணாடி அந்தக் காலத்தில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடி என்று கண்டு, லஷீனில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து நெளிவும் குமிழியும் உள்ள கண்ணாடிகளை வாங்கிவந்து பூட்டினார். எல்லாம் முடிய இரண்டு வருடம் ஆனது. தூண் மெலிந்தாலும் மறைக்கும் என்று நம்பினார். பார்த்தேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் ஏதோ மறைத்திருக்கத்தானே வேண்டும்.

அண்ணியைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவன் பொய்யன் என்று உங்கள் கண்ணாலே காணலாம் அண்ணி என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். செப்டெம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்தோம். நீக்கிலாப்பிள்ளை தன் பக்கத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஐஞ்சரைக்கு வையுங்கோ தம்பி. நடந்தது அந்த நேரம்தானே.”

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். எங்கள் வீட்டில் ராகுகாலத்தில் ஒரு பல்லுக்கூடப் பிடுங்கமாட்டோம். நீங்கள் வேதக்காரர், சிலுவை கும்பிடுகிறவர்கள், உங்களுக்கு இது விளங்காது, அந்த நேரத்தில் செத்த மனிதரின் விசயத்தைத் தொடமாட்டோம் என்று கடுமையாகச் சொன்னேன். கலண்டரில் பார்த்துப் பதினொரு மணிக்கு நல்ல நேரம் என்று நானே குறித்தேன். உங்கடை விருப்பம் என்றார். தச்சன் மூளை, எல்லாம் அளவுப்படி இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் அந்த நேரத்தைக் கேட்டிருப்பார். அதில் வேறு ஏதாவது இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று நல்ல வெளிச்சமான நாள். கோயிலுக்குப் போகிற வழியில் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வளவில் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒரு வெள்ளைக்கார மனிதன், அவனிடம் நீக்கிலாப்பிள்ளை கேட்டு, மேற்கே இருநூறு யார் அளந்து, ஒரு பீப்பாயும் அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு பலகையும் நட்டிருந்தார். வண்டியும் அண்ணையும் நின்ற இடம் அது. மேலே, ரெஜிஸ்டர் எழுதுகிற சாய்மேசைக்கு முன்னால் ஒரு முக்காலி. அன்று ரயில் வருகிறதென்று மணி அடித்தபோது நீக்கிலாப்பிள்ளை இருந்த இடம்.

அண்ணி ஏறிப்போய் அந்த முக்காலியில் இருந்தா. நான் பின்னால் நின்றேன். நீக்கிலாப்பிள்ளை கீழே படியடியில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பீப்பாய் பளிச்சென்று தெரிந்தது. தூண் ஒரு பக்கம், பீப்பாய் மறுபக்கம், இடையில் ஒரு முழம் வெளி. படத்துக்குச் சட்டம் போட்டமாதிரி நடுவில் நின்றது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. தோள் குலுங்கினது. பிறகு இறங்கி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நீக்கிலாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தா.

“பாத்துக்கொண்டிருந்து சாக்காட்டிப்போட்டாய்.”

நாற்பது வருடம் காத்திருந்த மனிதருக்குக் கிடைத்த சொல் அதுதான். அவர் படியில் ஏறினார். முக்காலியில் இருந்தார். பிறகு மேலேயிருந்து, தெரியுது, என்றார். ஒருவருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டி விழவிட்டான். நான் சிரித்தேன்.

அண்ணியை மொன்ட்ரியால்-நோரில் இறக்கிவிட்டு, சாப்பிட்டு, ஒரு கோழித்தூக்கமும் போட்டேன். எழும்பியபோது அந்தப் படத்தாளை அங்கேயே விட்டுவந்தது நினைவு வந்தது. என்னுடைய படம். சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாம் என்று ஒரு ஆசை வந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

இல்-பிசாருக்குத் திரும்பிப் போகும்போது ஐந்தேகால் தாண்டியிருந்தது. யோசெப்பின் வீட்டில் இல்லை. நீக்கிலாப்பிள்ளை படியடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தார். படம் மேலேதான் இருக்கிறது, எடுங்கோ என்றார். ஏறினேன். படம் சாய்மேசையில் கிடந்தது. எடுத்துச் சுருட்டிவிட்டு, ஒருமுறை இருந்து பார்ப்போம் என்று முக்காலியில் இருந்தேன். ஆசை தீரவில்லை எனக்கு.

பீப்பாய் இல்லை.

கிழவன் கழற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏன் பீப்பாயை எடுத்தனீங்கள் என்று சத்தம் போட்டேன். அதை ஒருவரும் தொடவில்லை, நட்ட இடத்திலேயே நிற்கிறது என்று கீழேயிருந்து பதில் வந்தது.

சூரியன் மேற்கில் இறங்கி நின்றது. ஒரு சாண் இறவாரத்துக்குக் கீழாலே நேரே உள்ளே வந்தது. அந்தப் பழைய கண்ணாடியின் நெளிவிலும் குமிழியிலும் பட்டு, கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகிக் கிடந்தது. தோட்டம் தெரிந்தது, ஒரு வெறுமையான வெளியாக. கையை நெற்றியில் வைத்து மறைத்தேன். பீப்பாய் நின்றது. கையை எடுத்தேன். இல்லை. மறைத்தேன், நின்றது. எடுத்தேன், இல்லை. எத்தனை தரம் செய்தேன் என்று தெரியாது. கலியாண வீடுகளில் முப்பது வருடமாகத் தூக்கி விழுத்தின அதே வலது கை.

பார்த்திருக்கிறார். அந்த மனிதர் பார்த்திருக்கிறார். பாதை வெறுமையாகத்தான் தெரிந்திருக்கிறது. கறிக்கு உப்புப் போல ஒவ்வொரு பின்னேரமும் வருகிற வெயிலை எவன் நினைவில் வைத்திருப்பான்? இடையில் எது நின்றது என்று கேட்டார்கள். வெயில் நிற்கிற சாமான் இல்லையே. அவர் தூண் என்றார். சொல்லிச் சொல்லித் தானும் நம்பிவிட்டார். ஐந்தரைக்கு வையுங்கோ என்று அவர் கேட்ட ஒரே ஒன்றை நான்தான் ராகுகாலம் என்று தட்டிவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

எனக்கு வந்தது பயம்தான். வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. அண்ணனைக் கொன்றவன் என்று ஒருவன் இருந்தபடியால்தான் நான் இவ்வளவு காலமும் நிமிர்ந்து நடந்தேன். அவன் இல்லையென்றால், கேபினுக்குச் சொல்லாமல் பாதையில் இறங்கின அண்ணைதான் மிச்சம். கை நீட்டிச் சிரித்த நானும்தான் மிச்சம்.

கீழேயிருந்து அவர் குரல் கேட்டது. எழும்பி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது, அதை நான் மறக்கமாட்டேன்.

“என்ன தம்பி, இப்பவும் தெரியுதோ?”

“ஓம்,” என்றேன். “வடிவாய்த் தெரியுது.”

அவர் தலையை ஆட்டினார். திரும்ப வாளியில் குந்தினார். பத்துப் பன்னிரண்டு படி ஏறினால் தானே கண்டிருப்பார். ஏறவில்லை. என் சொல்லை நம்பினார்.

அந்தக் கிழமையே கேபினைக் கழற்றத் தொடங்கினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பழந்துணியில் சுற்றி வைத்தாராம். கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாராம். முதல் பனி விழுகிற நேரம் என் கடைக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். அண்ணிக்கு எழுதியது. உறை ஒட்டியிருக்கவில்லை, நான் வாசித்தேன். ‘பார்த்தேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நான் பார்க்கவில்லை, அதுதான் உண்மை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று இருந்தது. செய்யாததைச் செய்தேன் என்று கையெழுத்து வைத்த அந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி வாசித்துவிட்டு, இப்பவாவது ஒத்துக்கொண்டான் என்று அழுதா. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தா. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாசியில் நீக்கிலாப்பிள்ளை செத்துப்போனார். நித்திரையில் போனதாம், நல்ல சாவு என்றார்கள்.

ஒரு கிழமை கழித்து யோசெப்பின் கடைக்கு வந்தார். நினைவு மலர் அடிக்கவேண்டும், வாழ்க்கைக் குறிப்பையும் நீங்கள்தான் எழுதவேண்டும் என்றார். ஏன் பிள்ளை நான் என்று கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளை, யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னார்.

“அப்பா சொன்னவர் அங்கிள். எல்லாரும் ஒருதரம் பாத்திட்டுப் போட்டினம். விமலநாதன் மட்டும்தான் திரும்பி வந்து ரெண்டாந்தரமும் ஏறிப் பாத்து, உள்ளதைச் சொன்னவர், ஞாயமான மனுசன் எண்டு.”

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். நான் பேனையை எடுத்துப் பிறந்த திகதியைக் கேட்டேன்.

எழுதி முடித்து அனுப்பினேன். யோசெப்பின் ஒரு இடத்தை மட்டும் வெட்டச் சொன்னார். பாசையூரில் பிறந்தது இருக்கட்டும், அலுமாரித் தொழிற்சாலை இருக்கட்டும். ரயிலில் வேலை பார்த்தார் என்ற வரி வேண்டாம், அப்பா கடைசியில் அதைச் சொல்லவே வெட்கப்பட்டார் என்றார்.

நான் வெட்டினேன்.